உப்பிட்ட தலை

ஜெஃப்ரியின் பின்மண்டைத் தோலை டாக்டர் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். விட்டார். கொஞ்சம் தள்ளி மறுபடி கிள்ளினார். பிறகு கட்டைவிரலை அழுத்தி மேலும் கீழும் நகர்த்தினார். நல்ல தளர்வாக இருக்கிறது, தாராளமாக எடுக்கலாம் என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னார். ஜெஃப்ரி குப்புறப் படுத்திருந்தான். படுக்கையில் முகம் வைக்கும் துளை வழியாக மொசைக் தரை தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாக அவன் செய்துவரும் வேலை இதுதான். ஆம்பூரில் முனீர் அகமதுவின் தோல் கம்பெனியில் அவன் செலக்டர். லாரியில் வந்து இறங்கும், அழுகாமலிருக்க உப்பு தடவிய தோலை விரித்துப் போட்டு, கிள்ளி, இழுத்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்து ஒதுக்குகிறவன். தன் தோலை இன்னொருவர் அப்படிப் பார்ப்பார் என்று அவன் நினைத்ததில்லை. ஆகும் என்று சொன்னதில் ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நொடிதான். ஆகும் என்று அவன் ஒதுக்கிய தோலுக்கு அதற்குப் பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

காதிலிருந்து காது வரை வரிசையாக ஊசி குத்தினார்கள். முதல் சில குத்தில் கண்ணில் நீர் முட்டியது. பிறகு பின்மண்டை கழன்று வேறு யாருடையதோ ஆகிவிட்டது. அதற்கப்புறம் வலி இல்லை. சத்தம் மட்டும் இருந்தது. மழுங்கிய கத்தி என்றால் தோல் முனகும். கூரான கத்தி என்றால் காகிதத்தில் பென்சில் ஓடுகிற மாதிரி இருக்கும். இது கூரான கத்தி. அந்தச் சத்தம் இடது காதுக்குப் பின்னால் தொடங்கி, அவசரமில்லாமல் வலது காதை நோக்கி நடந்து வந்தது. பக்கத்து அறையில் நாலைந்து பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் வீட்டில் என்ன என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தையல் போட்டு நிமிர்த்தி உட்கார வைத்தபோது தட்டைப் பார்த்துவிட்டான். ஒரு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில், ஒரு வார். ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கருகருவென்று முடி. அதைத்தான் அந்தப் பெண்கள் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து வேர் வேராகப் பிரிப்பார்கள். பிரித்ததை வழுக்கை விழுந்த முன்மண்டையில் துளை போட்டு நடுவார்கள். பின்மண்டை முடி கடைசிவரை கொட்டாது, எங்கே கொண்டுபோய் நட்டாலும் அதன் குணம் மாறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடும்வரை அந்த வார் உப்புத் தண்ணீரில் உயிரோடு கிடக்கும் என்றும் சொன்னார். ஜெஃப்ரிக்கு அது புதிய செய்தி. அவன் பார்த்த வரையில், உரித்த நிமிஷத்திலிருந்து தோல் சாகத்தான் தொடங்கும். உப்பு போட்டால் மெதுவாகச் சாகும். அவ்வளவுதான்.

டாக்டர் பம்பாயில் இருப்பவர். மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் வந்து, இருக்கிற ஆபரேஷனையெல்லாம் முடித்துவிட்டுப் போய்விடுவார். அதனால் வேகமாகப் பேசினார். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, முதலில் என்ன ஆகும், பிறகு என்ன ஆகும் என்று அடுக்கினார். ஜெஃப்ரி தலையாட்டினான். அவன் கண் தட்டில் கிடந்த ஊசிகளை விட்டு நகரவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். மே மாசத்துக்குள்ள வந்துருமா சார்?

மே மாசம் கல்யாணம். ஈஸ்டர் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசியிருந்தார்கள். பெண் ஃபீபி, கணியம்பாடியில் பள்ளிக்கூட டீச்சர். அவளைப் பார்க்கப் போன அன்று ஜெஃப்ரி முன்னறையில் உட்கார்ந்திருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு எடுத்த போட்டோவைத்தான் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள் என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஃபீபி தன் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னது கேட்டது. போட்டோல முடி இருந்துச்சேக்கா. குறையாகச் சொன்ன மாதிரியும் இல்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு அவள் காபி கொண்டுவந்தாள். சம்மதம் என்றாள். நிச்சயம் நடந்தது. நடுவில் இரண்டு தடவை அவனைப் பார்த்தபோது நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அந்த ஒரு வரி அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவள் சரி என்று சொன்னது போட்டோவில் இருந்தவனுக்குத்தான், தனக்கில்லை என்று பட்டது. கல்யாணத்தன்று போட்டோவில் இருந்தவனாகப் போய் நின்றுவிட வேண்டும். யாரிடமும் சொல்லாமல் மெட்ராஸ் ரயில் ஏறியது அதற்காகத்தான். அது 2005, ஜனவரி. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைக்கூட எல்லா வீட்டிலும் இன்னும் இறக்கியிருக்கவில்லை.

கட்டுப்போட்ட தலையோடு வந்து நின்றவனைப் பார்த்து அம்மா தேவகிருபை முதலில் விபத்து என்று நினைத்து அழுதாள். விஷயம் தெரிந்ததும் அழுகை நின்றுவிட்டது. "நல்லா இருந்த தலைய கொத்துக்கறி போட்டுக்கினு வந்துகீற" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், கணியம்பாடி சம்பந்திகளிடமும்தான், பிள்ளை கம்பெனி வேலையாகக் கான்பூர் போயிருக்கிறான் என்று சொல்லிவைத்தாள். அவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். கொடுத்தனுப்பிய உப்புத் தண்ணீரை மணிக்கொரு தடவை தலையில் பீய்ச்சிக்கொண்டான். முன்மண்டை முழுக்க மணல் தூவின மாதிரி ரத்தப்பொருக்கு. அதிலிருந்து கட்டை கட்டையாகக் குத்தி நின்ற முடி. தொட்டால் விரலுக்குத் தெரிந்தது, தலைக்குத் தெரியவில்லை. மேலே முழுக்க மரத்துக் கிடந்தது.

நாலாம் நாள் நெற்றி வீங்கியது. வீக்கம் மெதுவாக இறங்கிப் புருவத்துக்கு வந்தது, புருவத்திலிருந்து கண்ணுக்கு வந்தது. காலையில் எழுந்தபோது இரண்டு கண்ணும் கீறல்களாகிவிட்டிருந்தன. கண்ணாடியில் தெரிந்த முகத்தை விரலால் அழுத்தினான். குழி விழுந்து, நெடுநேரம் கழித்து மேலே வந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோல் இப்படித்தான் உப்பும். உப்பிய பிறகு என்ன ஆகும் என்பதை யோசிக்காமலிருக்க முயன்றான். குழியில் ஊறி உப்பிய தோலிலிருந்து முடி தானாகக் கழன்று போகும். அதற்காகத்தானே ஊறவே வைக்கிறார்கள்.

வீக்கம் வடிந்தது. மெட்ராஸ் போய்த் தையலும் பிரித்தாயிற்று. பிரித்தது நர்ஸ். டாக்டர் பம்பாயில் இருந்தார். அன்று சாயங்காலம் இஷ்தியாக் அகமது வீட்டுக்கு வந்தான். அவனும் செலக்டர்தான். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கான்பூர் கதையை அவனிடம் சொல்ல முடியாது. கான்பூருக்கு யார் போகிறார்கள் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இஷ்தியாக் அவன் தலையைச் சுற்றி வந்து பார்த்தான். தன் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நீட்டினான்.

"இத்த போட்டுக்கினு வேலைக்கு வா. எவனும் கேக்க மாட்டான்."

"உனக்கு?"

"வூட்ல டஜன் கீது. ஆனா அஞ்சு வேளை தொழுவணும், பாத்துக்கோ."

அவன் சொன்ன மாதிரியே ஆயிற்று. பஜாரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறிமுகமில்லாத ஒரு பெரியவர் சலாம் சொன்னார், ஜெஃப்ரி பதில் சலாம் சொன்னான். தொப்பி மெல்லிய துணி, தலையை உரசவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஆகவில்லை. சர்ச்சுக்குள் ஆண்பிள்ளை தலையில் எதுவும் இருக்கக் கூடாது. அம்மா தனியாகப் போய்விட்டு வந்தாள். பாதிரி ஐயர் விசாரித்தாராம். கான்பூரில் குளிர் எப்படி என்று கேட்டாராம்.

வேலைக்குப் போன மறுவாரம் ஒரு லாரித் தோல் வந்தது. எங்கோ வழியில் வண்டி பழுதாகி நின்றுபோன லோடு. ஜெஃப்ரி முதல் தோலை முடி மேலாக விரித்தான். அடிவயிற்றுப் பக்கம் ஒரு கொத்து முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இழுத்தான். நல்ல தோலென்றால் முடி கையை இழுக்கும், வராது. இது வந்துவிட்டது. சண்டையில்லாமல், வேரோடு, வெண்ணெயில் செருகியிருந்தது போல வந்தது. வேர்ப் பக்கம் வெள்ளையாக ஒரு துளி. தோல் உள்ளே அழுகிவிட்டது என்று அர்த்தம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பில் போட்டு எடுத்த பிறகுதான் ஓட்டையும் சொத்தையுமாகப் பல்லைக் காட்டும். தோலை மடித்து ஆகாததில் எறிந்தான். வியர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினான்.

தொப்பியின் உள்பக்கம் முழுக்கக் குட்டை முடி ஒட்டியிருந்தது.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அங்கே கண்ணாடி இல்லை. முன்மண்டையில் விரலால் தடவி ஒரு முடியைப் பிடித்தான். இழுக்கக்கூடவில்லை, சும்மா விரலைத் தூக்கினான். வந்துவிட்டது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். வேர்ப் பக்கம் வெள்ளையாக ஒரு துளி. இன்னொன்றை எடுத்தான். அதுவும் வந்தது. காது ஓரம் பழைய முடியைப் பிடித்து இழுத்தான். அது வலித்தது, வரவில்லை. அவன் கட்டைவிரலுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. பன்னிரண்டு வருஷத்தில் இந்த விரல் ஒரு தடவையும் தப்பாகச் சொன்னதில்லை என்று முனீர் பாய் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். ஜெஃப்ரி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

மெட்ராஸுக்கு செல்போனில் பேசினான். எடுத்தவள் அது நார்மல் சார் என்றாள். நட்ட முடி முதலில் விழுந்துவிடும், மூன்று நாலு மாதத்தில் அதே வேரிலிருந்து புதிதாக வரும், டாக்டரே உங்களிடம் சொல்லியிருப்பாரே என்றாள். சொல்லியிருக்கலாம். ஆனால் தோல் வியாபாரியிடம் முடி கழன்ற தோலைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் ஜெஃப்ரி கேட்டுப் பழகிய பேச்சுதான் இதுவும். ஒண்ணும் இல்லப்பா, வெயில்ல நின்ன வண்டி, சுண்ணாம்புல போட்டா சரியாய்டும். விற்கிறவன் எவனும் அழுகிவிட்டது என்று சொன்னதில்லை. டாக்டரிடம் பேச வேண்டும் என்றான். அடுத்த மாதம் வருவார் என்றாள். அதுவரைக்கும் தலையைத் தொடாமல் இருங்கள் சார் என்றாள்.

அதுவரைக்கும் அழுகல் காத்திருக்காது. அது பரவும். ஒரு தோல் கெட்டால் அடுக்கில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோலும் கெடும். முன்மண்டையிலிருந்து பின்னால் போகும், நெற்றிக்கு இறங்கும். ஜெஃப்ரி தூக்கத்தில் தன் முகத்தை விரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தான். கல்யாணக் கோட்டுப் போட்ட உடம்பின் மேல் ஓட்டையும் சொத்தையுமாக ஒரு முகம். ஃபீபி அதைக் கையால் நகர்த்திப் பார்த்துவிட்டு, ஆகாது என்று ஒதுக்கினாள். எழுந்து தலையணையைப் பார்த்தான். உறையெல்லாம் முடி. அம்மா பார்க்கும் முன் உதறிப் போட்டான். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று யோசித்தான். போக முடியாது. அங்கே சீட்டு எழுதும் இடத்தில் ஒரு சொந்தம் இருக்கும், ஊசி போடும் இடத்தில் ஒரு சபைக்காரர் இருப்பார். ஃபீபியின் பெரியம்மாவே அங்கே வார்டு சிஸ்டர். காலையில் தொப்பியைக் கழற்றினால் மத்தியானத்துக்குள் கணியம்பாடியில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கம்பெனி காலியாகும். இஷ்தியாக்கும் போனான். மூட்டை தூக்குகிறவர்களும் போனார்கள். கொடவுனில் ஜெஃப்ரி மட்டும் இருந்தான். மூலையில் உப்பு இடுப்பளவு குவிந்திருந்தது. பழைய உப்பு ஆகாது. ஒரு தடவை தோலைத் தொட்ட உப்பில் அழுகலின் விதை இருக்கும். அதனால் புது மூட்டையைப் பிரித்து இரண்டு கை அள்ளினான். கல்லால் தட்டி மாவாக்கினான். தலையை நன்றாகக் கழுவினான். கழுவின கையோடு போட வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். டாக்டரே உப்புத் தண்ணீர்தானே கொடுத்தார், அது போதவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். முன்மண்டையில் உப்பை வைத்துத் தேய்த்தான். ஒன்றும் தெரியவில்லை. மரத்த தோல் என்பதால் இன்னும் அழுத்தித் தேய்த்தான். உள்ளங்கைக்குக் கீழே பொருக்குகள் உதிர்வதும் முடி உருள்வதும் தெரிந்தன. மறுபடி அள்ளினான். பின்மண்டைத் தையல் தழும்புக்கு வந்தபோதுதான் எரிந்தது. அடிவயிறு வரைக்கும் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயும் தேய்த்தான். எரிந்தால் பிடிக்கிறது என்று அர்த்தம்.

தொழுகை முடிந்து வந்த இஷ்தியாக், ஜெஃப்ரியின் சட்டைக் காலரில் உப்பைப் பார்த்தான். தொப்பியைத் தூக்கிப் பார்த்தான். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார வைத்தான். வாளி வாளியாக ஊற்றினான்.

"முடி கழலுதுடா" என்றான் ஜெஃப்ரி. "நீயே இழுத்துப் பாரு."

"உப்பு செத்த தோலுக்குடா. நீ உசுரோட கீற."

அந்த வார்த்தைக்குத் தலையாட்டினான். ஆனால் தலையைப் பற்றி அவனுக்கு அந்த நிச்சயம் வரவில்லை. உயிரோடு இருப்பது தான்தான். தலை இருக்கிறதா?

ஞாயிறன்று முன்மண்டை சிவந்து பளபளத்தது. தழும்பு ஓரம் நீர் கசிந்து தொப்பியோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் காய்ச்சல். திங்கட்கிழமை கொடவுனில் தோலை விரித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஈ வந்து அவன் தொப்பியில் உட்கார்ந்தது. விரட்டினான். மறுபடி வந்தது. கொடவுனில் ஈக்குப் பஞ்சமில்லை, சுற்றிலும் தோல் கிடக்கிறது. அத்தனை தோலையும் விட்டுவிட்டு அது அவன் தலைக்கு வந்தது. இரண்டாவது ஈ வந்தது. தோலைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

தலை நாறுகிறதா என்று தெரிய வேண்டும். அதுதான் கடைசிச் சோதனை. முடியும் கழன்று நாற்றமும் வந்துவிட்டால் பிறகு பேச்சே இல்லை. ஆனால் அவனால் முகர்ந்து பார்க்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சோறு இறங்கவில்லை, இரண்டாம் மாதம் பழகிவிட்டது, மூன்றாம் வருஷத்தில் மூக்கு செத்துப்போனது. மல்லிப்பூ, மண்ணெண்ணெய், பிரியாணி, எதுவும் அவனுக்கு ஒன்றுதான். தொப்பியை மூக்கில் வைத்து இழுத்தான். காற்று மட்டும் வந்தது. இஷ்தியாக்கை முகரச் சொன்னான். அவன் குனிந்து முகர்ந்துவிட்டு, எனக்கு மட்டும் இன்னா மூக்கு கீதா என்றான். அம்மாவிடம் கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது ஆம்பூர், தோல் கழிவு கலந்த ஓடைத் தண்ணீரைக்கூட ஒன்றும் இல்லை என்பாள். பஸ்ஸில் ஏறி வாணியம்பாடி வரை போய்ப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார், அடுத்த நிறுத்தத்தில் வேறு சீட்டுக்கு மாறினார். அதிலிருந்தும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. தலை நன்றாக இருந்த காலத்திலும் ஆட்கள் அப்படித்தான் மாறி உட்கார்ந்தார்கள்.

ஃபீபிக்கு மூக்கு இருந்தது. நிச்சயத்துக்குப் பிறகு ஒரு தடவை அவன் கணியம்பாடிக்குப் போனபோது, உள்ளே ஏதோ வேலையாக இருந்தவள் திரும்பாமலே, வாங்க என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, நீங்க வந்தா வாசப்படிலயே தெரியும் என்று சொல்லிச் சிரித்தாள். அன்று அவனுக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், அவனுடைய வழக்கமான நாற்றம் எது, அதற்கு மேலான நாற்றம் எது என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் ஒளிந்தானோ அந்த ஆள்.

செவ்வாய்க்கிழமை வேலூர் பஸ் ஏறி, அங்கிருந்து கணியம்பாடிக்கு மாறினான். வழி நெடுகச் சொல்ல வேண்டியதை அடுக்கிப் பார்த்தான். எந்த வாக்கியமும் அவனைக் காப்பாற்றவில்லை. இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தான். எழும்போதெல்லாம் தழும்பு விண்விண்ணென்று தெறித்தது, உட்கார்ந்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் மத்தியான இடைவேளை. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அண்டாவிலிருந்து சாம்பார் ஆவி எழுந்தது. அவனுக்கு ஆவி மட்டும் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் ஒரு பெண் பிள்ளை உள்ளே ஓடியது. டீச்சர், உங்கள பாக்க ஒரு பாய் வந்துகீறாரு என்று கத்தியது. ஃபீபி கையில் சாக்பீஸோடு வெளியே வந்தாள். ஒரு நொடி அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நடந்தாள். அவன் பின்தொடர்ந்தான். சுவருக்கும் கள்ளி வேலிக்கும் நடுவே ஆள் நிற்கிற அளவுக்கு நிழல் இருந்தது.

"கான்பூர்ல இருந்து எப்ப வந்தீங்க?" என்றாள். வகுப்பில் கேட்கிற குரல்.

"போவவே இல்ல."

தொப்பியைக் கழற்றினான். ஒட்டியிருந்த இடத்தில் பிய்ந்து வந்தது. அவள் பார்த்தாள். சாக்பீஸ் பிடித்த கை வாய்க்குப் போயிற்று. அவன் மெட்ராஸையும் டாக்டரையும் சொன்னான், விழுந்த முடியைச் சொன்னான், உப்பைச் சொன்னான். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டான். அவள் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"போட்டோவுக்காகவா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"அந்த போட்டோவே எனக்கு புடிக்கல" என்றாள். "யாரையோ அடிக்கப் போற மாரி மொறைச்சிக்கினு இருந்தீங்க. நேர்ல பாத்தப்புறம்தான் சரின்னு சொன்னேன்."

அதைக் கேட்டு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அவள் சரி என்று சொன்ன தலை இது இல்லை. அந்தத் தலையை மெட்ராஸில் குப்புறப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இழக்க எதுவும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்த இடத்தில் எல்லாமே இருந்திருக்கிறது. அவன் கை தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தது.

"வாங்க, வேலூர் போலாம். பெரியம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"போலாம். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு பண்ணணும்" என்றான். "எங்க ஊர்ல யாருக்கும் மூக்கு இல்ல. நீ மோந்து பாத்து சொல்லு. அழுவிப்போன வாசனை வருதா இல்லியான்னு. டாக்டர் சொன்னா எனக்கு நம்பிக்கை வராது."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள்.

"வந்தா வருதுன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லு."

"குனிங்க."

தலையை மட்டும் குனிந்தான். அவள் அவன் தோள் உயரம்தான். மூச்சை அடக்கிக்கொண்டான். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும் என்று காதைக் கூர்மையாக்கினான். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் தட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. தலை மரத்துக் கிடந்தது. அவள் கிட்டே வந்திருக்கிறாளா, தொட்டுவிட்டாளா, விலகிவிட்டாளா என்று அதற்குத் தெரியவில்லை. குனிந்த கண்ணுக்குத் தெரிந்தது புழுதியும், அதில் விழுந்து கிடந்த சாக்பீஸ் துண்டும், நீல வார் போட்ட ரப்பர் செருப்பில் அவளுடைய இரண்டு பாதங்களும்தான். அவை நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஓர் அடி முன்னால் வந்தன. விரல்கள் செருப்பை அழுத்திப் பிடித்தன. குதிகால்கள் இரண்டும் மெல்ல மேலே எழும்பின.